ஜன்னலில் ஒட்டியிருந்த என் இடது கை

அம்மா எவர்சில்வர் தட்டை நீட்டியபோது மாத்யூ சார் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டிருந்தார்.

தட்டில் ஒரு விபூதிப் பொட்டலம், ஒரு தேங்காய் மூடி, இரண்டு வாழைப்பழம், கொஞ்சம் வில்வம். அப்புறம் கொடுக்கலாம் என்று கண்ணைக் காட்டினேன். என் அம்மாவுக்குக் கண்ஜாடை புரிந்த சரித்திரமே கிடையாது.

"எடுத்துக்கங்க சார். மாகறல் கோயில் பிரசாதம். இவளுக்கு மணிக்கட்டு எலும்பு முறிஞ்சி கட்டு போட்டிருந்தோமே, அது கூடிச்சின்னா வந்து அர்ச்சனை பண்றேன்னு நேந்துக்கினு இருந்தேன். நேத்துதான் போய் முடிச்சிட்டு வந்தேன்."

உள்ளே ஓடிக்கொண்டிருந்த அப்பாவின் தறி நின்றது.

மாத்யூ சார் கேரளத்துக் கால்பந்து கிளப் ஒன்றின் மேனேஜர். அவருடைய தோல் பையில் ஐந்து நிமிடத்துக்கு முன்னால் நான் கையெழுத்துப் போட்ட பாரங்கள் இருந்தன. மூன்றாவது பக்கத்தில் ஒரு கேள்வி: கடந்த இரண்டு ஆண்டுகளில் எலும்பு முறிவு ஏதும் ஏற்பட்டதா? பக்கத்தில் இரண்டு கட்டங்கள், 'ஆம்' என்று ஒன்று, 'இல்லை' என்று ஒன்று. நான் 'இல்லை'யில் அழுத்தமாக டிக் அடித்திருந்தேன். காகிதத்தின் பின்பக்கம் தடம் தெரிகிற அளவுக்கு அழுத்தம்.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாது என்பார்கள். அன்றைக்கு அந்தத் திருடன் நான்.

காசுக்குத்தானே?

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகி, சென்ற வாரம் எழுதிய கடிதத்தில் சுற்றி வளைக்காமல் கேட்டிருந்தார்: "காசு அதிகம் கொடுத்தார்கள், கிளப் மாறினீர்கள். இதில் எழுத என்ன இருக்கிறது?"

வாசகி அம்மா, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது, ஆனால் அது உங்கள் மேல் மட்டும் இல்லை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு முழுக்க அதையேதான் கேட்டது.

பெண்கள் கால்பந்தில் அந்தக் கிளப் கொடுப்பதற்கும் இந்தக் கிளப் கொடுப்பதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நானும் ஆளுக்கு ஒரு காரணம் சொல்லி வைத்திருந்தேன். அப்பாவிடம் அங்கே சாப்பாடு நன்றாக இருக்கும் என்றேன். பழைய கோச்சிடம் புது அனுபவம் வேண்டும் என்றேன். அம்மாவிடம் கடல் பக்கத்தில் இருக்கிறது என்றேன். என் அம்மா கடலைக் கண்டால் மூன்றடி பின்னால் போகிற ஆள், அவளிடம் போய் அதை ஏன் சொன்னேன் என்று இன்று வரை தெரியவில்லை.

உண்மைக் காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. அதைச் சொல்ல ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இரண்டு பேர், ஒரு கோல்

ஸ்டெல்லாவுக்கு ஊர் ஓரிக்கை. அவள் அப்பா கட்டட மேஸ்திரி. பள்ளியில் எட்டாம் வகுப்பிலிருந்து நாங்கள் இருவரும் ஒன்றாக ஆடினோம். பாலாற்று மணலில் செருப்பை நட்டு கோல் வைத்து, ஆளுக்குப் பத்து ஷாட் என்று மாறி மாறி நிற்போம். சிரிப்பு என்னவென்றால் இருவருமே கீப்பர்கள்.

ஃபார்வர்டு இரண்டு பேர் நன்றாக ஆடினால் இருவரையும் இறக்கலாம். கீப்பருக்கு அந்த வழி இல்லை. ஒரு கோலுக்கு ஒரு ஆள்தான். இன்னொருத்தி நல்லா இருக்கும் வரை உனக்கு வேலை இல்லை.

எங்கள் இருவரையும் சென்னைக் கிளப் ஒன்று ஒரே நாளில் எடுத்துக்கொண்டது. அன்று இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம், விவரம் புரியாமல்.

ஸ்டெல்லா முதல் கீப்பர். நான் இரண்டாவது. அவள் என்னை விட நாலு விரல் உயரம், அதில் எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை. இரண்டாவது கீப்பரின் வேலை என்ன தெரியுமா? ஆட்டத்துக்கு முன்னால் முதல் கீப்பரைத் தயார் பண்ணுவது. நான் பந்தை அடிப்பேன், அவள் பிடிப்பாள். இடது பக்கம் பத்து, வலது பக்கம் பத்து, தலைக்கு மேல் பத்து. அவள் கை சூடானதும் விசில் ஊதுவார்கள். நான் போய், மாற்று ஆட்டக்காரர்கள் சட்டைக்கு மேல் போடும் கையில்லாத பச்சை பிப்பை மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்காருவேன்.

மூன்று வருஷம் அதைச் செய்தேன். அந்தப் பிப்பில் எப்போதும் வேறு யாரோ ஒருத்தியின் வியர்வை நாற்றம் இருக்கும். எத்தனை தடவை துவைத்தாலும் போகாது.

பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் பந்தைப் பார்ப்பார்கள். நான் ஸ்டெல்லாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவள் விழுந்த அன்று

இதை எழுதுவதற்கு முன்னால் இரண்டு டீ குடித்தேன். மூன்றாவது டீ போட எழுந்தபோது, சோம்பேறிக் கழுதை, உட்கார் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஒரு கார்னர். பந்து உயரமாக வருகிறது. ஸ்டெல்லா எகிறிக் குத்துகிறாள். எதிரணிப் பெண்ணும் எகிறுகிறாள். இருவரும் காற்றிலேயே மோதிக்கொண்டு, ஸ்டெல்லா தோள்பட்டை தரையில் படும்படி விழுந்தாள். விழுந்த சத்தம் பெஞ்சு வரைக்கும் கேட்டது.

எல்லோரும் "ஐயோ" என்றார்கள். நானும் சொன்னேன். ஆனால் அந்த ஐயோவுக்கு முன்னால் எனக்குள் ஒன்று நடந்தது. நெஞ்சுக்குள் சடாரென்று ஒரு சந்தோஷம்.

ஆமாம், சந்தோஷம்தான். வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. ஒரு மூன்று நொடி இருந்திருக்கும். பிறகு பயம் வந்தது, அவளுக்காக இல்லை, என்னைப் பார்த்து.

அவளை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். நான் இறங்கினேன். அந்த ஆட்டத்தையும் அடுத்த இரண்டு ஆட்டங்களையும் நன்றாகவே ஆடினேன். ஸ்டெல்லா தோளில் கட்டோடு கேலரியில் உட்கார்ந்து என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அவள் கத்தக் கத்த எனக்கு உடம்பு கூசியது. நாலாவது ஆட்டத்தில் அவள் திரும்பி வந்தாள், நான் பிப்புக்குத் திரும்பினேன்.

அன்று முடிவு செய்தேன். இங்கேயே இருந்தால் அடுத்த தடவை அந்தச் சந்தோஷம் மூன்று நொடியோடு நிற்காது. பெஞ்சில் உட்கார்ந்து, விழமாட்டாளா விழமாட்டாளா என்று காத்துக்கொண்டிருக்கிற ஜென்மம் ஆகிவிடுவேன். போய்விட வேண்டும்.

வாசகி அம்மா, நீங்கள் கேட்டீர்களே, அந்தக் காரணம் இதுதான்.

வேப்பிலை

போக வேண்டும் என்று நான் முடிவு செய்தால் போதுமா? யாராவது கூப்பிட வேண்டுமே. பெஞ்சில் இருக்கும் கீப்பரை யார் கூப்பிடுவார்கள்? சீசன் முடிந்து வீட்டுக்கு வந்தேன். வந்த பத்தாம் நாள் மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன்.

மைதானத்தில் இல்லை, எங்கள் பக்கத்துத் தெருவில்.

காலையில் பால் வாங்கி சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். தெரு நெடுகப் பட்டுப் பாவை விரித்து இழுத்துக் கட்டியிருந்தார்கள். நெசவு செய்ய வேண்டிய இழைகள் மொத்தமும் ஒரு சேலை அகலத்துக்குக் காற்றில் நிற்கும். எங்கள் பக்கம் இது தினசரிக் காட்சி, ஓரமாகப் போய்விடுவோம். அன்று ஒரு நாய் குறுக்கே ஓடியது. ஹேண்டிலை ஒடித்தேன். வண்டி நேராகப் பாவின் மேல் போகிறது.

நெசவாளி வீட்டுப் பிள்ளை தன் மூக்கை உடைத்துக்கொள்ளும், பாவில் விழாது. யோசிக்கவே இல்லை, உடம்பு தானாகவே எதிர்ப்பக்கம் எகிறியது. பால் பாக்கெட் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம், நான் இடது உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு சிமெண்ட் தரையில். ஓர் இழைகூட அறுபடவில்லை. பாவுக்காரர் ஓடி வந்து முதலில் பாவைத் தடவிப் பார்த்தார், பிறகுதான் என்னைப் பார்த்தார். அதில் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நானே தரையில் கிடந்தபடி, இழை ஏதாவது அறுந்துச்சா என்றுதான் கேட்டேன்.

கட்டைவிரலுக்குக் கீழே முந்திரிப்பருப்பு அளவில், அதே வடிவத்தில் ஒரு எலும்பு இருக்கிறது. அது விரிசல் விட்டிருந்தது. ரத்த ஓட்டம் குறைவான இடம், சில பேருக்குக் கூடவே கூடாது என்றார் டாக்டர். எட்டு வாரம் கட்டு.

கீப்பருக்கு மணிக்கட்டு போய்விட்டது என்று தெரிந்தால் இருக்கிற கிளப்பும் கைகழுவிவிடும். முன்பயிற்சிக்கு வரச் சொல்லிப் போன் வந்தபோது, எனக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

எவ்வளவு வசதியான பொய் பாருங்கள். காய்ச்சல் என்றால் பார்க்க வருவார்கள், அம்மை என்றால் தெருவுக்குள்ளேயே வர மாட்டார்கள். நம்பவைக்க வாசலில் ஒரு கொத்து வேப்பிலையும் செருகினேன். அம்மா நடுங்கிவிட்டாள். ஆத்தா பேரைச் சொல்லிப் பொய்யா என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்போதுதான் மாகறலுக்கு நேர்ந்துகொண்டாள். எலும்பு சம்பந்தமாக எது வந்தாலும் எங்கள் பக்கத்தில் அந்தச் சிவன் கோயிலுக்குத்தான் நேர்வார்கள்.

வேப்பிலையைத் தாண்டி ஒரே ஒருத்திதான் உள்ளே வந்தாள். ஸ்டெல்லா. இளநீர் வெட்டி, தூக்கில் ஊற்றி எடுத்துக்கொண்டு ஓரிக்கையிலிருந்து வந்திருந்தாள். கட்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை. இளநீரை டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, குணமாகும் வரை புளி சேர்க்காதே என்று சொல்லிவிட்டுப் போனாள். கிளப்பில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அவள் அப்படி நல்லவளாக இருந்ததும் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

கேரளத்திலிருந்து ஒரு போன்

கட்டுப் பிரித்து, மெல்ல மெல்ல ஆட ஆரம்பித்து, சீசன் பாதியும் போய்விட்டது. மறுபடி பிப், மறுபடி அந்த முதுகு. பனிக்காலத்துக் காலைகளில் மணிக்கட்டு வலிக்கும். யாரிடமும் சொல்லவில்லை.

மாத்யூ சார் போன் செய்தது அப்போதுதான். இங்கே எங்கள் கிளப்பில் முதல் கீப்பராக இருந்தவள் வேலை கிடைத்துப் போய்விட்டாள், வருகிறாயா, எல்லா ஆட்டமும் நீதான் என்றார். என் பேர் எப்படித் தெரியும் என்று கேட்டேன். சொன்னார்கள் என்றார், யார் என்று சொல்லவில்லை. கூப்பிட்டார்களே என்ற சந்தோஷத்தில் நானும் துருவவில்லை.

சீசன் நடுவில் கிளப் மாற அனுமதிக்கிற காலம் சில வாரங்கள்தான். அது முடிகிற நாள் திங்கட்கிழமை, மாலை ஐந்து மணி. பழைய கிளப் ஆட்சேபம் இல்லை என்று கடிதம் கொடுத்துவிட்டு, கையோடு என் இடத்துக்கு வேறொரு பெண்ணையும் எடுத்துவிட்டது. ஐந்து மணிக்குள் கேரளத்தில் என் பேர் பதிவாகாவிட்டால் அந்தக் கிளப்பும் இல்லை, இந்தக் கிளப்பும் இல்லை. மீதி சீசன் முழுக்க வீட்டில் உட்கார்ந்து அப்பாவின் தறிக்கு நூல் சுற்ற வேண்டியதுதான்.

மாத்யூ சார் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்தார். எனக்காக மட்டும் இல்லை, காஞ்சிபுரம் வந்து சேலை வாங்காமல் போகிறவர் யார்? மனைவியைக் கடையில் உட்கார வைத்துவிட்டு என் வீட்டுக்கு வந்தார். பாரங்களை நீட்டினார். நான் படித்தேன். அந்தக் கேள்வி வந்தது. அடித்தேன், 'இல்லை' என்று.

அடுத்து வந்தது அம்மாவின் தட்டு.

நேர்த்திக்கடன் முடிந்தால் அதை மூடி வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். முடித்த பிறகு வீட்டுக்கு வரும் முதல் ஆளுக்குப் பிரசாதம் கொடுத்து, எதற்காக என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சாமி செய்ததை மறைத்த பாவம். கை குணமாகியும் ஆறு மாதமாகத் தள்ளிப் போட்டுவந்த அம்மா, மகளை வேறு கிளப் கூப்பிட்டுவிட்டது, இனிமேல் தள்ளக் கூடாது என்று சனிக்கிழமை பஸ் ஏறி மாகறல் போய்விட்டு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த முதல் ஆள் மாத்யூ சார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், என் அம்மா பரிமாறும் சோற்றில் மட்டும் முடியாது.

ஜன்னல்

மாத்யூ சார் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சர்ச்சுக்குப் போகிறவர். விபூதிப் பொட்டலத்தை மரியாதையாகச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எந்தக் கை?"

நீட்டினேன். கட்டைவிரலுக்குக் கீழே இருந்த குழியில் விரலை வைத்து அழுத்தினார். வலித்தது. முகத்தில் காட்டாமல் பல்லைக் கடித்தேன். அவர் பார்த்தது என் கையை அல்ல, என் பல்லைத்தான்.

எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேட்டார். தொலைந்துவிட்டது என்றேன். பொய் இல்லை, அது எங்கே என்று எனக்கு உண்மையாகவே தெரியாது.

உள்ளேயிருந்து அப்பா, "இங்க இருக்குது சார்" என்றார்.

உள்ளே போனோம். தறிக்கு மேலே இருக்கும் ஜன்னலில் ஒரு கண்ணாடி போன மழைக்கு உடைந்திருந்தது. பட்டு நனையாமல் இருக்க அப்பா அந்த இடத்தில் ஏதோ ஒரு தகட்டை ஒட்டியிருந்தார். வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதன் கீழேதான் நான் நடமாடியிருக்கிறேன், நிமிர்ந்து பார்த்ததில்லை. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஐந்து விரலும் உள்ளங்கையும் மணிக்கட்டும் எலும்பு எலும்பாகத் தெரிய, என் இடது கை ஜன்னலில் நின்றது.

மாத்யூ சார் கிட்டே போய் அண்ணாந்து பார்த்தார். அந்த முந்திரிப்பருப்பின் நடுவில் மயிரிழை போல ஒரு கோடு.

"மோளே," என்றார் கடைசியில். "முறிஞ்சது தப்பில்லை. எனக்கு எழுதிக் கொடுத்தது தப்பு."

நாளைக் காலை சென்னையில் ஸ்கேன் எடுக்க வேண்டும், எலும்பு கூடியிருந்தால் பாரத்தை நானே திருத்திக் கையெழுத்துப் போட வேண்டும், கூடியிருக்காவிட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னார். பாரங்களை என்னிடமே திருப்பிக் கொடுத்து, அம்மாவைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை தாண்டியதும் நான் அம்மா மேல் பாய்ந்தேன். என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன். பத்து வருஷ உழைப்பில் ஒரு தேங்காய் மூடியைப் போட்டு உடைத்துவிட்டாய் என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. அம்மா தட்டு இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பகல் சாப்பாடு சாப்பிடவில்லை.

அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. தறியில் இருந்தபடியே சொன்னார்.

"எலும்பும் உன்னுது, பொய்யும் உன்னுது. அவள இன்னாத்துக்குத் திட்ற?"

சாயங்காலம் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து இன்னொரு பொட்டலத்தை எடுத்தாள்.

"ரெண்டு அர்ச்சனைமா பண்ணேன். ஒண்ணு உனக்கு. ஒண்ணு ஸ்டெல்லா தோளுக்கு. குருக்கள் நட்சத்திரம் கேட்டாரு, சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பொண்ணுக்கு நட்சத்திரத்துக்கு எங்க போறது? உன்னுதையே சொல்லிட்டேன். இத அவகிட்ட குடுத்துடு."

ஸ்டெல்லா விழுந்ததில் சந்தோஷப்பட்டவளிடமே, அவளுக்காக வேண்டிக்கொண்ட விபூதியைக் கொடுத்தனுப்புகிறாள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். ஸ்கேனை நினைத்துப் பயப்படுகிறேன் என்று அம்மா நினைத்தாள்.

நாற்காலி வரிசை

திங்கட்கிழமை ஸ்கேன் மையத்துக்குப் போனால் ஸ்டெல்லா எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். அம்மா போன் செய்திருக்கிறாள். அந்த வாய்க்கு ஒரு நாள் கோயில் கட்டப் போகிறேன்.

ஸ்கேன் எடுத்தாயிற்று. ரிப்போர்ட் மூன்று மணிக்கு என்றார்கள். மூன்று, மூன்றரை ஆனது. மூன்றே முக்காலுக்குக் கவுண்டரில் கேட்டேன், டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றார்கள். இவ்வளவு நேரம் பார்க்கிறார் என்றால் கூடவில்லை என்றுதானே அர்த்தம்? நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். ஸ்டெல்லா சுண்டல் வாங்கி வந்தாள், அவளையே சாப்பிடச் சொன்னேன்.

விபூதிப் பொட்டலத்தை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அம்மா சொன்னதைச் சொன்னேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குள் அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் வெளியே வந்துவிட்டது. நீ விழுந்த அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியும்பா," என்றாள் ஸ்டெல்லா.

திரும்பிப் பார்த்தேன்.

"நான் விழுந்து கெடக்க சொல்ல எல்லாரும் என்னையே பாத்துக்கினு இருந்தாங்க. நான் பெஞ்ச பாத்தேன். நீ கிளவுஸ் மாட்டிக்கினு இருந்த."

கோச் சொல்வதற்கு முன்பே, ஸ்ட்ரெச்சர் வருவதற்கு முன்பே என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. எனக்கு அந்தக் கிளவுஸ் மாட்டியது ஞாபகமே இல்லை. மூன்று நொடி சந்தோஷத்தை மட்டும்தான் நான் இத்தனை நாள் மறைத்துக்கொண்டிருந்தேன். கைகள் அதற்குள் வேலையையே ஆரம்பித்திருந்தது எனக்குத் தெரியாது.

"நான்தான் மாத்யூ சாருக்கு உன் பேரச் சொன்னேன்," என்றாள். "நீ பெஞ்சில உக்காந்துக்கினு என் முதுகையே பாத்துக்கினு இருக்கிற. பந்து எந்தப் பக்கம் வருதுன்னு பாக்கறதா, பின்னாடி நீ இன்னா நெனைக்கறேன்னு பாக்கறதா? என்னால முடியலடி."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வெட்கம் வர வேண்டிய இடத்தில் கோபம், அதுதான் என் ராசி. என்னைத் துரத்திவிடத்தான் சிபாரிசு பண்ணியா, இல்லை நான் ஆடணும்னு பண்ணியா என்று கேட்டேன்.

அவள் சுண்டல் காகிதத்தை மடித்துக்கொண்டே சொன்னாள். "ரெண்டுக்கும்தான்."

கவுண்டரில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஸ்டெல்லாதான் போய் உறையை வாங்கிக்கொண்டு வந்து பிரித்தாள். எனக்கு எழுத்துகள் நீந்தின, அவள்தான் படித்தாள். கூடிவிட்டது. ஓரத்தில் கொஞ்சம் தேய்மானம், ஆனால் கூடிவிட்டது.

பாரத்தில் 'இல்லை'யை அடித்து, 'ஆம், இடது மணிக்கட்டு' என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். வைத்து எழுத இடம் இல்லாததால் ஸ்டெல்லா குனிந்து தன் முதுகைக் காட்டினாள், அதன் மேல் காகிதத்தை வைத்து எழுதினேன். போட்டோ எடுத்து அனுப்பும்போது மணி நாலு நாற்பது. மாத்யூ சாரிடமிருந்து ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

மைதானத்தின் இரண்டு முனை

புது ஊரைப் பற்றி, அங்கே எனக்குச் சோறு இறங்காத முதல் மாதத்தைப் பற்றியெல்லாம் எழுத நிறைய இருக்கிறது. இப்போதைக்கு ஒரு ஆட்டம் மட்டும்.

பழைய கிளப்போடு எங்களுக்கு ஆட்டம். இந்த முனையில் நான், அந்த முனையில் ஸ்டெல்லா. முதல் தடவையாக அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தபடி ஆடினேன். அவ்வளவு தூரத்தில் அவள் முகம் தெரியாது, இருந்தாலும்.

இடைவேளைக்குப் பிறகு எங்களுக்கு ஒரு கார்னர். பந்து உயரமாகப் போனது. ஸ்டெல்லா எகிறினாள். எங்கள் பெண் ஒருத்தியும் எகிறினாள். இருவரும் கீழே விழுந்தார்கள். எங்கள் பெண் எழுந்துவிட்டாள். ஸ்டெல்லா எழவில்லை.

அவள் எழாவிட்டால் எங்களுக்கு லாபம். அவளுக்குப் பதிலாக இறங்க வேண்டியவள் கத்துக்குட்டி. எங்கள் பெஞ்சில் யாரோ கை தட்டினார்கள்.

நான் என்னைக் கவனித்துக்கொண்டிருந்தேன், வருகிறதா வருகிறதா என்று. வரவில்லை. பயம் மட்டும்தான் இருந்தது. தோள்பட்டையா, அதே தோள்பட்டையா என்கிற பயம்.

ரெஃபரி என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். அப்போதுதான் பார்த்தேன், நான் கோலை விட்டு நடுக்கோடு வரை வந்துவிட்டிருந்தேன். இரண்டு கிளவுஸையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை.

அங்கே ஸ்டெல்லா எழுந்து உட்கார்ந்து, தோளைச் சுழற்றிப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கினாள். பெஞ்சைப் பார்க்கவில்லை, என் பக்கம் பார்த்தாள். என் கைகளைத்தான் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

நான் திரும்பி என் கோலுக்கு நடந்தேன். கிளவுஸை மாட்டிக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது.